மண்டபமும் நாற்கூற்றுக் கல்வியும்

ஒரு பல்கலைக்கழகம் வளருங்கால், அவ்வளர்ச்சி முதற்கண் கட்டடங்களாகவே கண்ணுக்குப் புலனாகின்றது. துறைகள் பெருகுகின்றன, மாணவர் தொகை மிகுகின்றது, நேற்று இல்லாத பாடங்கள் இன்று தோன்றுகின்றன. ஒவ்வொரு துறைக்கும் சில அறைகள், ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு என்னும் முறையில் இடம் பகுக்கப்படுகின்றது. ஆசிரியர் நின்று உரைக்கவும் மாணவர் இருந்து கேட்கவும் ஏற்றவாறு அறைகள் அமைகின்றன. அவ்வுரை முடிந்தபின் மாணவர் எங்கே அமர்ந்து கேட்டதைச் சிந்திப்பது? எங்கே கூடித் தம்முள் வினாவுவது? எங்கே ஒருவர்க்கொருவர் உரைத்துப் பழகுவது? இவ்வினாக்கட்கு விடை, பெரும்பாலும், படிக்கட்டும் மரநிழலுமே ஆகின்றன.

கற்றற்குரிய இடம் எத்தகையது என்னும் வினா, கட்டடக் கலைஞர்க்கு மட்டும் உரியதன்று. தமிழ் இலக்கணம் அதற்கு ஒரு விடை கூறுகின்றது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகள் மற்றொரு விடை தருகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று விளக்கி நிற்கும் திறத்தைக் காட்டி, வளரும் பல்கலைக்கழகத்துக்கு அவற்றாற் கிடைக்கும் பயன் இதுவென நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இடப்பெயர்கள் தரும் சான்று

கல்வி நிகழும் இடத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கிய சொற்களை முதலில் நோக்குவோம். பள்ளி, கழகம், மன்றம், சாலை, மண்டபம் என்பன அவற்றுட் சிறந்தவை. இவற்றுள் எச்சொல்லும் தொடக்கத்திற் கல்விக்கே உரிய சொல்லாக இருந்ததில்லை என்பது கருதத்தக்கது.

பள்ளி என்பது துயிலிடத்தையும் துறவோர் உறைவிடத்தையும் குறித்த சொல். மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் ‘பளிய்’ என அஃது இடம்பெறுகின்றது. அங்கே குகைத்தளத்தில் துறவோர்க்குக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. துறவோர் உறைந்த இடத்திற் கற்போர் சென்று கூடவே, உறைவிடப் பெயர் கல்வியிடப் பெயராயிற்று. கழகம் என்னும் சொல்லைத் திருவள்ளுவர் சூதாடும் களத்துக்கு வழங்கினார். பின்னர் அஃது அறிஞர் கூடும் அவைக்கும் பெயராயிற்று. மன்றம் ஊர்ப்பொதுவிடம்; வழக்குத் தீர்த்தலும் குரவையாடலும் அங்கு நிகழ்ந்தன. சாலை உண்டிச்சாலையாகவும் ஓதுசாலையாகவும் விளங்கியது. சிலப்பதிகாரத்தில் மகத மன்னன் சோழனுக்குத் தந்ததாகக் கூறப்பெறும் பட்டிமண்டபம், மணிமேகலையிற் சமயவாதியர் ஏறிச் சொற்போர் புரியும் இடமாகின்றது.

இச்சொற்கள் உணர்த்தும் உண்மை ஒன்று. உறையவும் உண்ணவும் கூடவும் வாதிடவும் அமைந்த பொதுவிடத்திலேயே கல்வி வேர்கொண்டது. கல்விக்கென்று இடத்தைத் தனியே வரையறுத்து, ஏனைய வினைகளை அதனின்றும் விலக்குதல் பழைய வழக்கன்று.

2. நன்னூலார் கணக்கு

கற்பித்தல், கற்றல் ஆகிய இரண்டன் முறைமையையும் நிரல்படக் கூறும் நூல் நன்னூல். மூன்றாம் குலோத்துங்கன் (1178-1218) காலத்துச் சிற்றரசனாகிய சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் அதனை இயற்றினார். அதன் பொதுப்பாயிரத்தில் மூன்று செய்திகள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன.

முதலாவது, பாடம் சொல்லும் முறையைக் கூறத் தொடங்கும் நூற்பா, ஆசிரியன் முதற்கண் நோக்க வேண்டியன காலமும் இடமும் என்கின்றது. நூலை விரித்தற்கு முன்பே, மாணவன் கொள்ளும் திறத்தை அறிதற்கு முன்பே, இடம் கருதப்படுகின்றது.

இரண்டாவது, நூல் பயிலும் முறையைக் கூறும் நூற்பா ஏழு வினைகளை அடுக்குகின்றது. உலக வழக்கை அறிதல், பாடத்தைப் போற்றிக் காத்தல், கேட்டவற்றைச் சிந்தித்தல், ஆசிரியனை அடைந்து மீண்டும் கேட்டல், ஒத்த மாணவரோடு பழகுதல், வினாவுதல், வினாயவற்றுக்கு விடை கூறுதல் என்பன அவை. இவ்வேழனுள் ஆசிரியன்பாற் கேட்டல் ஒன்றே. எஞ்சிய ஆறும், ஆசிரியன் உரை முடிந்த பின்னோ அதற்குப் புறம்பாகவோ நிகழ்வன.

மூன்றாவது, நன்னூலார் கல்வியைப் பின்னக் கணக்காகவே பகுத்துக் காட்டுகின்றார். ஆசிரியன் உரைத்ததனைக் குறைவறக் கொண்டாலும் மாணவன் பெறுவது காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு நிரம்பும். எஞ்சிய இருகாலும் தான் பிறர்க்கு எடுத்துரைத்தலாலேயே நிரம்பும். இக்கணக்கை மாணவர்க்குரிய அறிவுரையாக மட்டுமே நாம் படித்து வருகின்றோம். இதனை இடத்துக்குரிய அளவையாகவும் கொள்ளலாம். ஒரு கல்வி நிலையம், தன் பரப்பு முழுமையும் ஆசிரியர் உரைக்கும் அறைகளாகவே அமைத்துக் கொள்ளுமாயின், அது கல்வியின் காற்கூற்றுக்கு மட்டுமே இடந் தந்ததாகும். முக்காற்கூறு புறத்தே நின்றுவிடும்.

ஏழு வினைகளும் ஒரே வகையான இடத்தை வேண்டுவன அல்ல என்பதும் உணரத்தக்கது. பாடம் போற்றல் வாய்விட்டு ஓதுதலாதலின் ஒலி எழுப்பும். சிந்தித்தல் அமைதியை நாடும். பழகுதல் இருவர் மூவர் முகம் நோக்கி அமரும் இடத்தையும், விடை கூறுதல் ஓர் அவையையும் வேண்டும். எனவே, கல்வியிடம் ஒன்றாயிருத்தல் போதாது; பலவாக மாறத் தக்கதாயும் இருத்தல் வேண்டும்.

3. கல்வெட்டுகள் காட்டும் கல்வி நிலையங்கள்

இலக்கணம் கூறும் இக்கணக்கு, நடைமுறையில் எவ்வாறு இடம் பெற்றது என்பதை அறியச் செப்பேடுகளும் கல்வெட்டுகளும் துணைபுரிகின்றன.

ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலை, காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அவ்வூர்ச் செப்பேடு, 95 சட்டர்க்கு இடம் வகுத்து, அவர்களை 45, 36, 14 என மூன்று வேதப் பிரிவினராகப் பகுக்கின்றது. சட்டர் என்னும் அச்சொல்லோடு, பிற்காலத் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை என்னும் சொல் ஒப்புநோக்கத்தக்கது. நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அவ்வூர் வித்தியாத்தானத்துக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பெற்றதைக் கூறுகின்றது.

இவற்றினும் விரிவாகக் கணக்குக் கூறுவது எண்ணாயிரத்துக் கல்வெட்டு. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள எண்ணாயிரம் அழகிய நரசிங்கப் பெருமாள் கோயிலில் அது பொறிக்கப்பட்டது. முதலாம் இராசேந்திரன் (1012-1044) காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப்பெற்ற அவ்வூரின் கல்வி நிலையத்தில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர். இளநிலை மாணவர் 270 பேர். அவருள் இருக்கு வேதம் ஓதினோர் 75, யசுர் வேதம் ஓதினோர் 75, சாமத்தின் இரு பிரிவினர் 20, 20, வாசசனேயம் ஓதினோர் 20, அதர்வம் 10, போதாயனம் 10, உரூபாவதாரம் என்னும் இலக்கணம் பயின்றோர் 40. முதுநிலை மாணவர் 70 பேர். அவருள் வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10.

இக்கணக்கைச் சமய வரலாற்றுக்கும் கல்வி வரலாற்றுக்கும் அறிஞர் பயன்படுத்தியுள்ளனர். இடம்பற்றிய ஆராய்ச்சிக்கும் அது பயன்படும். ஈண்டுப் பதினொரு குழுக்கள் உள்ளன. பெருங்குழு 75 பேர். சிறுகுழு 10 பேர். இக்குழுக்கட்கு அளவொத்த பதினோர் அறைகளை அமைப்பதாகக் கொள்வோம். பெருங்குழுவுக்கு ஏற்ப ஒவ்வோர் அறையும் 75 பேர்க்கு அமையுமாயின், 340 பேர்க்காக 825 இருக்கைகள் வேண்டும். அவற்றுள் 485 வறிதே கிடக்கும். சராசரிக்கு ஏற்ப 31 பேர்க்கு அமையுமாயின், 75, 75, 40, 35 என்னும் நான்கு குழுக்கள் அவற்றில் அடங்கமாட்டா. அந்நான்கிலும் உள்ளோர் 225 பேர். அஃதாவது, மூன்றில் இருபங்கினர்க்கு இடமின்றிப் போகும். அளவொத்த அறைகளைத் தொகுத்து ஒரு கல்வி நிலையம் அமைத்தல், குழுக்களின் இயல்புக்கே மாறானது என்பதை இச்சிறு கணக்கே தெளிவாக்கும். 10 பேர் பயிலும் முதுகலை வகுப்பும் 75 பேர் பயிலும் பொதுப்பாட வகுப்பும் ஒரே அளவினவாகிய அறைகளில் நிகழும் இக்காலத்து நிலையை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

அக்கல்வெட்டில் நாம் காண்பன ஆட்கணக்கும் நெற்கணக்கும் பொற்கணக்குமே ஆகும். இளநிலை மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு நெல் 6 நாழி. முதுநிலை மாணவனுக்கு ஒரு குறுணி இருநாழி, அஃதாவது 10 நாழி. மாணவர் உணவுக்கு மட்டும் நாள்தோறும் 2,320 நாழி வேண்டும். 8 நாழி ஒரு குறுணியாகவும் 12 குறுணி ஒரு கலமாகவும் கொள்ள, அது 24 கலம் 2 குறுணி ஆகின்றது. இதனைத் தாங்க 45 வேலி நிலம் வழங்கப்பெற்றது. கங்கைகொண்ட சோழ மண்டபம் என்னும் மண்டபப் பெயரும் அக்கல்வெட்டில் வருகின்றது. கட்டடத்தைப் பகுத்துக் கூறாமல், அதில் வாழ்வோரையும் அவர்தம் உணவையும் பகுத்துக் கூறிய திறம் நினைக்கத்தக்கது.

முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048இல், திரிபுவனியில் நிகழ்ந்த ஏற்பாடும் இத்தகையதே. புதுவையை அடுத்த அவ்வூரில் 260 மாணவர்க்கும் 12 ஆசிரியர்க்குமாக 72 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. மாணவரும் ஆசிரியரும் ஊர்வாரியப் பணிகளில் ஈடுபட வேண்டுவதில்லை என்னும் விலக்கும் அளிக்கப்பெற்றது. எண்ணாயிரத்தில் ஓர் ஆசிரியர்க்கு ஏறத்தாழ 24 மாணவர், திரிபுவனியில் ஏறத்தாழ 22 மாணவர் என்னும் விகிதத்தையும் கருதுக. இடமும் உணவும் தந்ததோடு, கற்றற்குரிய காலத்தையும் ஊரவை காத்துத் தந்தது.

திருமுக்கூடல் கல்வெட்டு நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்விடத்துப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திரன் (1063-1070) காலத்தில் பொறிக்கப்பெற்ற அது, சனநாத மண்டபத்தைக் குறிக்கின்றது. வேதமும் இலக்கணமும் பயிலும் பள்ளி, மாணவர் உண்டு உறையும் விடுதி, வீரசோழன் என்னும் பெயர் கொண்ட 15 படுக்கை மருத்துவமனை ஆகிய மூன்றும் அம்மண்டபத்தைச் சார்ந்தே விளங்கின. மாணவர் சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெயும், இரவில் எரிக்க விளக்கெண்ணெயும் பெற்றனர். இவ்விளக்கு சிறு செய்தி போலத் தோன்றினும் அத்தகையதன்று. பகலில் ஆசிரியன்பாற் கேட்டதை இரவிற் சிந்திக்கவும் தம்முட் பழகவும் இடம் உண்டு என்பதற்கு அதுவே சான்று. நன்னூலார் கூறும் இரண்டாம் காற்கூறு அவ்விளக்கொளியில் நிரம்பியது எனலாம்.

ஒரு பாடத்துக்கே உரியதாகப் பெயர் பெற்ற மண்டபமும் உண்டு. திருவொற்றியூர்க் கோயிலில் இருந்த வியாகரணதான வியாக்கியான மண்டபம் அத்தகையது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், ஏறத்தாழ 1213இல், அதன் பேணலுக்கும் அங்குப் பயில்வோர்க்குமாக நிலம் வழங்கப்பெற்றது. சிவபெருமான் பாணினிக்கு இலக்கணம் அருளிய இடம் அதுவே என்னும் நம்பிக்கையால், வியாகரணதானப் பெருமாள் வழிபாடும் அங்கே நிகழ்ந்தது. அம்மண்டபப் பெயரில் ‘தானம்’ ஒருபாலும் ‘வியாக்கியானம்’ ஒருபாலும் நிற்கின்றன. கொடுத்தலும் விரித்துரைத்தலும் ஒரே கூரையின்கீழ் வைத்து எண்ணப்பட்டன. நன்னூல் எழுந்த அதே காலத்தில் இப்பெயர் வழங்கியது என்பதும் உளங்கொளத் தக்கது.

4. மண்டபத்தின் அமைப்பு

மண்டபம் இத்தனை வினைகட்கும் இடங்கொடுத்ததற்குக் காரணம் அதன் அமைப்பே. கல் உத்தரம் நெடுந்தொலைவு தாங்காது; ஆதலின் தூண்கள் நெருங்கி நிரல்பட நிற்கின்றன. தூண்களுக்கிடையே சுவர் இல்லை. பாரத்தைத் தூண் தாங்குவதால், பிரிப்பதற்குச் சுவர் வேண்டிய இடத்தில் திரையோ தட்டியோ போதும். பிரிவு வேண்டாதபோது அதுவும் வேண்டா. நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட சிறு சதுரமே அளவையாகின்றது. பத்துப்பேர் குழு ஒன்றிரண்டு சதுரங்களில் அமரும். எழுபத்தைந்துபேர் குழு பல சதுரங்களில் விரியும். இருக்கையின்றித் தரையில் அமர்ந்தமையால், ஓதிய இடமே உண்ணுமிடமும் உறங்குமிடமும் ஆதல் எளிதாயிற்று. மண்டபத்தை நீட்ட வேண்டுமாயின், முன்னைய நிரலின் ஈற்றில் மேலும் ஒரு நிரல் தூண் நிறுத்தினால் அமையும். பழையதை இடிக்க வேண்டுவதில்லை.

இங்கு ஒரு தடை எழலாம். எல்லா வினைக்கும் பொதுவான இடம் எவ்வினைக்கும் ஏற்றதாகாது என்பர் சிலர். ஒரு குழுவின் ஓதலொலி மற்றொரு குழுவின் சிந்தனையைக் கலைக்கும். பெருங்கூட்டத்திற்குத் தூண்கள் முகத்தை மறைக்கும். இத்தடை பொருந்துவதே. பழையோரும் இதனை அறியாதாரல்லர். சுவடிகளை அவர்கள் திறந்த மண்டபத்தில் வைக்கவில்லை. தில்லையிலும் திருவரங்கத்திலும் 13ஆம் நூற்றாண்டில் சரசுவதி பண்டாரம் என்னும் நூல் நிலையங்கள் தனியே அமைந்தன. ஏடு நிலையான இடத்தை வேண்டும். கற்போர் கூட்டம் நெகிழும் இடத்தை வேண்டும். இவ்விரண்டையும் வேறு பிரித்தறிதலே திட்டத்தின் முதற்படி. இக்காலத்து ஆய்வுக்கூடம், கருவியறை, சுவடிக்காப்பகம் என்பன பண்டாரத்தின் வழிவந்தன. வகுப்பறையும் படிப்பிடமும் மண்டபத்தின் வழிவந்தன. பண்டாரத்துக்குரிய பூட்டை மண்டபத்துக்கும் இடுவதே நம் பிழை.

மற்றொரு குறையை மறைத்தலும் தகாது. மேற்கூறிய கல்வெட்டுகள் பேசும் கல்வி பெரும்பாலும் வேதக் கல்வி; அதனைப் பெற்றோர் ஒரு குலத்து ஆடவரே. மண்டபத்தின் உட்புறம் சுவரின்றித் திறந்திருந்தது. அதன் வாயிலோ மக்களுட் பெரும்பாலோர்க்கு அடைத்திருந்தது. பிறப்பையும் பாலையும் நோக்காது யாவர்க்கும் வாயில் திறத்தலே இக்காலப் பல்கலைக்கழகத்தின் பெருமை. ஆதலின் நாம் பழையதினின்றும் கொள்ளத்தக்கது அதன் தரையமைப்பே அன்றி அதன் வாயிற்காவல் அன்று. மாணவர் தொகை பெருகுதலை ஒரு சுமையாகக் கருதுவோர், அடைத்த வாயில் திறந்ததன் பயனே அப்பெருக்கம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

5. திண்ணையும் பேரவை மாளிகையும்

மண்டபக் கல்வி மங்கிய பின்னரும் அதன் இயல்பு மடங்களிலும் திண்ணைகளிலும் நிலைத்தது. மன்றோவின் ஆணைப்படி தொகுத்து 1826இல் வெளிவந்த கணக்கு, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 188,650 மாணவரும் இருந்ததாகக் கூறுகின்றது. இவற்றுட் பல, தமக்கெனக் கட்டடம் இல்லாத திண்ணைப் பள்ளிகள். வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட திண்ணை, பகலிற் பள்ளியாகவும் இரவில் வழிப்போக்கர் தங்குமிடமாகவும் பயன்பட்டது. அங்கே மூத்த மாணவன் இளையோர்க்குக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் உள்ளூர் முறையைக் கண்டு தம் பள்ளியில் மேற்கொண்டார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் அது ‘சென்னை முறை’ என இங்கிலாந்திற் பரவிற்று. பிறர்க்கு உரைத்தலால் இருகாற்கூறு நிரம்பும் என்ற நன்னூலார் கருத்து, வேறொரு வடிவிற் கடல் கடந்தது எனலாம்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் மாயூரத்திலும் திருவாவடுதுறை மடத்திலும் பாடம் சொன்ன முறையை உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளார். மடத்திலும் வீட்டிலும் தோட்டத்திலும் பயணத்திலும் அப்பாடம் நிகழ்ந்தது. இடம் மாறியபோதும் பாடம் தடைப்படவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகமோ வேறொரு கருத்தில் தோன்றிற்று. 1857இல் இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிலையமாகவே அது நிறுவப்பட்டது. கற்பித்தல் கல்லூரிகளின் பணி. ஆகவே, சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி 1874 முதல் 1879 வரை கடற்கரையில் எழுந்த பேரவை மாளிகை, வகுப்பறைகளின் தொகுதியாக அன்றி ஒரு பெருங்கூடமாகவே அமைந்தது. கல்வியை அளக்கும் இடம் முதலில் எழுந்தது. கல்வியை வளர்க்கும் இடம் பிற்பட்டது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே கற்பித்தலும் ஆராய்ச்சியும் அப்பல்கலைக்கழகத்தின் பணியாக வலுப்பெற்றன. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தே உறையும் உறைவிடப் பல்கலைக்கழகமாக அமைந்து, பழைய சாலையின் இயல்பை ஒருவாறு மீட்டது. பின்னர் மதுரை (1966), தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் (1981), பாரதியார், பாரதிதாசன் பெயர்களால் அமைந்த பல்கலைக்கழகங்கள் (1982) ஆகியன தோன்றின. தேர்வுக்காக எழுந்த பல்கலைக்கழகம் நமக்கு விட்டுச்சென்ற பழக்கம் ஒன்றுண்டு. ஒரே திசை நோக்கிய வரிசைகளில், ஒருவரை ஒருவர் பாராது, மாணவரை அமர்த்தும் பழக்கமே அது. தேர்வுக்கு அது பொருந்தும்; பழகுதலுக்கும் வினாவுதலுக்கும் பொருந்தாது.

இவ்வரலாற்றில் நூலகர் எஸ். ஆர். அரங்கநாதனார்க்குத் தனியிடம் உண்டு. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், படிப்போர் தாமே நூலடுக்குகளை அணுகி நூலைத் தேர்ந்தெடுக்க வழிசெய்தார். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுள் இறுதியானது, நூலகம் வளரும் உயிர்ப்பொருள் என்பது. வளர்ச்சி என்றோ ஒருநாள் வந்து தாக்கும் இடர் அன்று. தொடக்கத்திலேயே எண்ணி இடம்விட வேண்டிய இயல்பு என்பதே அதன் கருத்து. நூலகத்துக்கு அவர் கூறிய இவ்விதி பல்கலைக்கழக வளாகம் முழுமைக்கும் பொருந்துவதாகும்.

6. வளரும் பல்கலைக்கழகத்துக்கு உரியன

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபுகளைத் தொகுத்துக் கூறுவோம்.

ஒன்று: குழுக்களின் தொகையை முதலில் எண்ணுக, பின்னரே அறைகளை வகுக்க. பத்துப்பேர்க்கும் இருபதுபேர்க்கும் நாற்பதுபேர்க்கும் எழுபதுபேர்க்கும் உரிய இடங்கள் கலந்திருத்தல் வேண்டும். எண்ணாயிரத்தார் இதனைத் தம் ஆட்கணக்கில் உணர்த்தினர்.

இரண்டு: நிலைத்திருக்க வேண்டியது தூணும் கூரையும், மாறத்தக்கது இடைச்சுவர். நீர்க்குழாய், மின்கம்பி, படிக்கட்டு ஆகியவற்றை ஓரங்களில் அமைத்து நடுப்பரப்பை விடுதலையாக விட்டால், இன்று இரண்டு வகுப்பறையாக உள்ள இடம் நாளை ஒரு கருத்தரங்கக் கூடமாகும். நகர்த்தத்தக்க மேசையும் நாற்காலியும் இதற்குத் துணை. தாழ்வாரத்தை நடந்து செல்லும் வழியாக மட்டும் எண்ணாது, திண்ணையோடு கூடிய அமருமிடமாக அகலப்படுத்தினால், இரண்டாம் காற்கூற்றுக்குரிய இடம் சிறுபொருட் செலவிற் கிடைத்துவிடும்.

மூன்று: இடம் துறைக்கு உடைமையாதலினும் காலத்துக்கு உரியதாதல் நன்று. காலையில் வரலாற்றுத் துறை பயன்படுத்திய அறை, மாலையில் தமிழ் மாணவர் செய்யுள் ஓதிப் பழகும் இடமாகலாம். இதனால் துறைகளின் பெருமை குன்றாது. பூட்டிக்கிடக்கும் நேரமே குன்றும்.

நான்கு: பேணுதற்குரிய பொருள் கட்டடத்தோடு சேர்த்தே ஒதுக்கப்படுதல் வேண்டும். இதற்கு மேலைநாட்டுச் சான்று ஒன்று கூறலாம். பெர்லின் நகரில் 1948இல் தோன்றிய சுதந்திரப் பல்கலைக்கழகத்துக்கு, 1963இல் நிகழ்ந்த போட்டியில் வென்ற கண்டிலிசு, யோசிக், உட்சு என்னும் கட்டடக் கலைஞர்கள், தெருக்களும் முற்றங்களும் இணைந்த ஒரு சிற்றூர் போன்ற கட்டடத்தை வகுத்தனர். வேண்டியபோது மாற்றத்தக்க உறுப்புகளால் அது அமைந்தது. கருத்து சிறந்ததே. ஆயினும் வெளிப்புற எஃகுத் தகடுகள் எண்ணியதினும் மிகுதியாகத் துருவேறின. மாணவர் அதனைத் ‘துருக்குடில்’ என அழைத்தனர். பிற்காலத்தே பெரும்பொருட் செலவிற் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. புதுப்பித்தலின் ஒரு பகுதியாக, 2005இல் மொழியிலக்கியத் துறைகளின் நூல்களை ஒருங்கே கொண்ட நூலகம் ஒன்று அதன் முற்றங்களிடையே எழுந்தது. இவ்வரலாறு இருவகையாற் பயன்தரும். மாறும் இடம் பேணுதலின்றி நில்லாது என்பது ஒன்று. முற்றம் விட்டுக் கட்டிய வளாகத்தில் பின்வந்தோர்க்கும் இடம் உண்டு என்பது மற்றொன்று. எண்ணாயிரத்து ஊரவை 45 வேலி நிலத்தையும், திருமுக்கூடலில் விளக்கெண்ணெயையும் கல்லிற் பொறித்தமையின் நுட்பம் இங்கே விளங்கும்.

ஐந்து: இரவில் விளக்கெரியும் இடம் ஒன்றேனும் மாணவர்க்கு வேண்டும். விடுதியில் தனியறை இல்லாதார்க்கும், நெருங்கிய சிறுவீட்டிலிருந்து நாள்தோறும் வருவார்க்கும் அதுவே வீட்டின் படிப்பறையாகும். முதன்முறையாகத் தம் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் பலர்; அவர்க்கு ஆசிரியர் உரை கிடைக்கின்றது. உடன் அமர்ந்து பழகும் இடம் கிடையாதொழியின், அவர் பெறுவது காற்கூறே.

இறுதியாக, தமிழ்த்துறைகள் கருத வேண்டியது ஒன்றுண்டு. கருவிகளும் ஆய்வுக்கூடங்களும் வேண்டாத துறை என்பதால், தமிழுக்கு ஏடும் எழுதுகோலும் சில விசுப்பலகைகளும் போதும் என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. வாய்விட்டு ஓதியே யாப்பின் ஓசை உணரப்படும். சுவடியையும் பதிப்பையும் அருகருகே விரித்து வைத்தே பாடவேறுபாடு காணப்படும். அவையில் உரைத்தே ஆராய்ச்சி உரம் பெறும். ஓதவும் விரிக்கவும் உரைக்கவும் இடம் கேட்டல் ஆடம்பரம் ஆகாது. நம் இலக்கணம் வகுத்த கல்விமுறையை நடைமுறைப்படுத்த வேண்டும் என்னும் கோரிக்கையே அது. கல்விக்குக் கட்டடம் எழுப்புவோர் நன்னூலார் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. முதற்காலுக்கு நாம் போதிய இடந் தந்துவிட்டோம். எஞ்சிய முக்காலுக்கும் இடந்தருதல் இனி நம் கடன்.